‘வாட்ச்மென்’ அல்டிமேட் கட்: மூலத்தை முழுவதும் அள்ளித் தரும் வட்டுப் பெட்டி

அதே பெயருள்ள கிராஃபிக் நாவலை வைத்து ஸாக் ஸ்னைடர் இயக்கி 2009 மார்ச்சில் திரைக்கு வந்த ‘வாட்ச்மென்’ படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. அரங்குகளில் ஓடியது 162 நிமிடம். இயக்குநரின் பதிப்பு 186 நிமிடம். அதே ஆண்டின் இறுதியில் வட்டாக வெளிவந்த ‘அல்டிமேட் கட்’ 215 நிமிடம். இந்தக் கடைசிப் பதிப்போடு, மூலக் கதையின் ஓவியங்களையே அசையவைத்துத் தயாரித்த ‘மோஷன் காமிக்’கையும், ‘அண்டர் த ஹூட்’ என்ற துணைப்படத்தையும் சேர்த்து ஒரு பெட்டியாகவும் விற்றார்கள். கிராஃபிக் நாவல் ஒன்றைப் பெரிய திரைக்கு எந்த அளவுக்கு அப்படியே கொண்டுவர முடியும் என்று யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் கிடைப்பது கடினம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூலத்திலிருந்து எடுத்துச் சேர்க்கச் சேர்க்க இந்தப் படம் மூலத்தை நெருங்கிவிடவில்லை, அது மூலத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும் இடங்களில் பல, புத்தகத்தில் அந்த வடிவில் இல்லாதவை. (கதையின் முடிவு வரை பேசப்போகிறேன் என்பதால், படிக்காதவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வருவது நல்லது.)

ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்ட, 1986-87இல் டிசி காமிக்ஸ் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட தொடர்தான் பின்னர் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டது. 1988இல் ஹியூகோ விருதும் பெற்றது. நிக்ஸன் இன்னும் அதிபராக நீடிக்கும் ஒரு மாற்று 1985இல், முகமூடி வீரர்கள் உண்மையிலேயே இருந்திருந்தால் அமெரிக்கா என்னவாகியிருக்கும் என்பது கதை. ஆனால் அந்நூலின் பெருமை கதையில் மட்டும் இல்லை. பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம் என்ற ஒன்பது கட்ட அடுக்கைப் பெரும்பாலும் விடாமல் பின்பற்றி, ஒரு கட்டத்தில் ஒருவர் பேசும் சொல் அடுத்த கட்டத்தில் முற்றிலும் வேறொரு காட்சியின் மேல் விழுந்து புதுப்பொருள் கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் கண்ணாடிப் பிம்பமாக, முதல் பக்கத்தின் அமைப்பு கடைசிப் பக்கத்திலும், இரண்டாவதன் அமைப்பு அதற்கு முந்தையதிலும் திரும்ப வரும்படி வரையப்பட்டது. பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். திரையரங்கில் யாரும் புரட்ட முடியாது. இதைப் படமாக்க முயன்று விலகியவர்களில் இயக்குநர் டெர்ரி கில்லியமும் ஒருவர் என்பது வியப்பல்ல. மூர் தன் பெயரையே படத்தில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், படத்தின் தொடக்கத்தில் மூலப்படைப்பாளியாகக் கிப்பன்ஸின் பெயர் மட்டுமே வருகிறது.

ஸ்னைடரின் வழி எளிமையானது: புத்தகத்தையே படப்பிடிப்புக்கான வரைபடமாகக் கொள்வது. பொருள்கள், இடங்கள், கோணங்கள் என்ற அளவில் இந்தக் கீழ்ப்படிதல் அசரவைக்கிறது. நியூயார்க்கின் அந்தத் தெருமுனை, செய்தித்தாள் கடை, சுவரொட்டிகள், ஆந்தை வடிவ விமானம், ரோர்ஷாக் என்ற வீரரின் முகமூடியில் ஓயாமல் உருமாறும் மைக்கறை என எதை நிறுத்திப் பார்த்தாலும் கிப்பன்ஸின் கோடு தெரிகிறது. நீல உடல்கொண்ட அதிமானுடரான டாக்டர் மன்ஹாட்டனாக நடித்த பில்லி கிருடப்புக்கு நீல விளக்குகள் பதித்த உடை அணிவித்துப் படமாக்கினார்கள். பின்னர் கணினியில் உருவாக்கிய உடலை அவருடைய இடத்தில் வைத்தபோதும், எதிரில் நிற்பவர்களின் முகத்தில் அந்த நீல ஒளி உண்மையாகவே படிந்திருப்பதால் அந்தப் பாத்திரம் காட்சிக்குள் ஒட்டி நிற்கிறது. நடிகர்களில் ரோர்ஷாக்காக வரும் ஜாக்கி ஏர்ல் ஹேலி தனித்து நிற்கிறார். கதையின் சதிக்குச் சூத்திரதாரியான, மாத்யூ கூட் நடித்த ஒஸிமாண்டியஸ் மட்டும் முதல் காட்சியிலேயே கையில் ரகசியம் வைத்திருப்பவரைப் போலத் தோன்றுவதால், புத்தகம் பதினோரு அத்தியாயம் காத்துவைத்த அதிர்ச்சி முன்கூட்டியே கசிந்துவிடுகிறது.

சிக்கல் அந்தக் கட்டங்கள் அசையத் தொடங்கும்போது வருகிறது. ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதைப் புத்தகத்தில் வாசகர் முடிவு செய்கிறார். படத்தில் இயக்குநர் முடிவு செய்கிறார். ஓவியத்தின் நிலைத்தன்மையைத் திரையில் மீட்க ஸ்னைடர் நாடும் கருவி ஸ்லோ மோஷன். ஆனால் ஓவியத்தில் உறைந்த ஒரு குத்துக்கு வாசகர் தரும் நேரம் ஒரு கணம்; திரையில் அதே குத்து மெதுவாக இறங்கும்போது அது கொண்டாட்டமாகிவிடுகிறது. காமெடியன் என்ற முகமூடி வீரர் கொல்லப்படும் நிகழ்வு மூலத்தில் இரு துப்பறிவாளர்களின் சலிப்பான உரையாடலுக்கு நடுவே, சிவப்பு தோய்ந்த ஒருசில கட்டங்களாக மட்டும் வந்துபோகும். படத்தில் சுவர்கள் நொறுங்கும் நீண்ட சண்டையாக அதுதான் முதலில் வருகிறது. சந்தில் ரவுடிகளிடம் மாட்டிக்கொள்ளும் முன்னாள் வீரர்களான நைட் ஆவ்லும் சில்க் ஸ்பெக்டரும் மூலத்தில் பழைய பழக்கம் கைகொடுக்க மூச்சிரைக்க அடித்துத் தப்பும் இரு நடுவயதினர். படத்தில் அவர்கள் எலும்புகளைத் தோலுக்கு வெளியே தெரியும்படி முறிக்கிறார்கள். முகமூடி அணிந்தவர்களும் தொந்தியும் தயக்கமும் கொண்ட சாதாரண மனிதர்களே என்பதுதான் நூல் வைக்கும் வாதம் என்றால், கோணத்தை நகலெடுத்துவிட்டு அந்த வாதத்தைக் கைவிட்டிருக்கிறது இந்தக் காட்சி. ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று ஹிக்கின்ஸ் வேண்டுமென்றே தேர்ந்த வண்ணங்கள் கருநீல நிழலுக்குள் போனதும், தொளதொளப்பான உடைகள் தசை வடித்த கவசங்களானதும் இதோடு சேர்ந்தவையே.

சிறுமியைக் கடத்திக் கொன்றவனை ரோர்ஷாக் கண்டுபிடிக்கும் கட்டத்திலும் இதையே காண்கிறோம். மூலத்தில் அவர் அவனை விலங்கிட்டு, கையில் ஒரு ரம்பத்தைக் கொடுத்து, வீட்டுக்குத் தீவைத்துவிட்டு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார். அந்த நிதானத்தில்தான் ஒரு மனிதர் முற்றிலும் அணைந்துபோவதை உணர்கிறோம். படத்தில் அவர் வெட்டுக்கத்தியால் அவன் மண்டையைப் பிளக்கிறார். ரத்தம் கூடியிருக்கிறது, பயங்கரம் குறைந்திருக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, தலைப்புக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அநியாயம். பாப் டிலனின் பாடலின் மேல், ஏறத்தாழ உறைந்து நிற்கும் புகைப்படங்களைப் போல, 1940களிலிருந்து நாற்பதாண்டு மாற்று வரலாறு நகர்கிறது: ஏசுவின் கடைசி இராவுணவு ஓவியத்தைப் போல அமர்ந்திருக்கும் ஒரு பிரிவு விருந்து, வங்கியின் சுழல்கதவில் மேலங்கி சிக்கிச் சுடப்பட்டுக் கிடக்கும் வீரன், மனநல விடுதிக்கு இழுத்துச் செல்லப்படும் இன்னொருவன், நிலவில் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் படமெடுக்கும் மன்ஹாட்டன், கென்னடியைச் சுட்டுவிட்டு நகரும் காமெடியன். இப்படியொரு தொடர் புத்தகத்தில் கிடையாது. ஆனால் மூலத்தின் முதல் பதினோரு அத்தியாயங்களின் இறுதியிலும் சுயசரிதைப் பகுதி, செய்திக் குறிப்பு, கடிதம் என்று உரைநடைப் பக்கங்கள் வரும். சுழல்கதவில் மாட்டிய மேலங்கியின் கதை அங்கே சொல்லப்படுவதுதான். நிறையப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அந்தப் பின்புலத்தை ஒரே பாட்டின் நீளத்துக்குள், ஒரு சொல்லும் பேசாமல், ஒவ்வொரு படத்திலும் நம் கண் தேடி அலைய நேரம் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். வாசகர் கட்டத்துக்குள் அலையும் அனுபவத்தைத் திரையில் உண்மையாகவே தந்த பகுதி என்று நான் இதைத்தான் சொல்வேன். ஸ்லோ மோஷன் தன் இடத்தைக் கண்டுகொள்வதும் இங்கேதான்.

மன்ஹாட்டன் செவ்வாய்க்குப் போய் அமர்ந்து தன் வாழ்வை எண்ணும் பகுதியை இதற்கு அடுத்ததாக வைக்கலாம். அவருக்குக் காலம் வரிசையாக ஓடுவதில்லை. 1959உம் 1985உம் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. காமிக்ஸில் இதைச் சொல்ல முயற்சியே தேவையில்லை, ஏனெனில் ஒரே பக்கத்தில் இரண்டு ஆண்டுகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நம் கண்முன் இருக்கின்றன. திரைக்கு அந்த வசதி இல்லாததால் படம் இசையிடம் போகிறது. ஃபிலிப் கிளாஸ் வேறொரு படத்துக்கு முன்பே அமைத்த, ஒரே வடிவம் சுற்றிச் சுற்றி வரும் இசை, முன்னும் பின்னும் தாவும் காட்சிகளை ஒரே நிகழ்காலமாகக் கட்டிப்போடுகிறது. ஓர் ஊடகத்தின் வசதிக்கு இன்னோர் ஊடகத்தில் ஈடு தேடுவது இதுதான். பாடல் தேர்வுகள் எல்லாம் இப்படி அமையவில்லை. விமானத்துக்குள் நடக்கும் காதல் காட்சிக்கு ‘ஹல்லேலூயா’ பாடலைப் போட்டதற்காகப் படத்தைக் கேலி செய்தவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

இனி இந்தப் பெட்டியை வாங்கத் தூண்டும் பகுதிக்கு வருவோம். மூலத்தில் செய்தித்தாள் கடையருகே அமர்ந்து ஒரு சிறுவன் கடற்கொள்ளையர் காமிக்ஸ் ஒன்றைப் படிப்பான். கப்பலை இழந்த மாலுமி, கொள்ளையரின் கறுப்புக் கப்பலுக்கு முன்பாக ஊர் சேர்ந்து தன் குடும்பத்தைக் காக்கத் துடித்து, அந்தத் துடிப்பிலேயே தானும் கொடியவனாகிப்போகும் கதை அது. ஒஸிமாண்டியஸின் திட்டத்துக்கு அது நிழல். ‘அல்டிமேட் கட்’ இதை அசைவூட்டப் படமாக்கி, ஜெரார்ட் பட்லரின் குரலில், பல துண்டுகளாக்கி முதன்மைப் படத்துக்குள் செருகியிருக்கிறது. அசைவூட்டம் தன்னளவில் நன்றாகவே இருக்கிறது. பிணங்களைக் கட்டிய தெப்பத்தில் அவன் கடலைக் கடக்கும் பகுதியில் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனாலும் இந்தச் செருகல் தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். மூலத்தில் மாலுமியின் சொற்கள் கடைக்காரரின் புலம்பலுக்கு மேல் படிகின்றன. கடைக்காரரின் சொற்கள் கடல் ஓவியத்தின் மேல் படிகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டும் எச்சரித்துக்கொண்டும் நகர்கின்றன. படத்திலோ நியூயார்க் நின்றுவிடுகிறது, கடல் வருகிறது. கடல் நின்றுவிடுகிறது, நியூயார்க் வருகிறது. உடனிகழ்வு மாறிமாறி நிகழ்வதாகிவிட்டது. உள்ளடக்கம் முழுவதும் வந்து சேர்ந்தும், அந்த உள்ளடக்கம் எதற்காக அங்கே இருந்ததோ அது வரவில்லை. ஏற்கெனவே நீண்ட படத்தின் வேகமும் இதில் ஒவ்வொரு முறையும் அறுபடுகிறது.

முடிவை மாற்றியதைப் பற்றி ரசிகர்கள் நிறையச் சண்டையிட்டிருக்கிறார்கள். மூலத்தில் ஒஸிமாண்டியஸ் வேற்றுலகப் படையெடுப்பைப் போலத் தோன்றும் மாபெரும் கணவாய் உயிரியை நியூயார்க்கில் இறக்கி, வல்லரசுகளை அச்சத்தால் ஒன்றாக்குகிறார். படத்தில் மன்ஹாட்டனின் ஆற்றலைப் போலி செய்து உலக நகரங்கள் பலவற்றை அழித்து, பழியை அவர்மீது போடுகிறார். இந்த மாற்றத்தை நான் குறையாகக் கருதவில்லை. மன்ஹாட்டன் பூமியைவிட்டுப் போவதற்கு இது வலுவான காரணம் தருகிறது. கணவாயைத் தயார்செய்யத் தேவைப்படும் துணைக்கதைகளின் சுமையும் இறங்குகிறது. (2019இல் வந்த எச்பிஓ தொடர் கணவாயையே எடுத்துக்கொண்டு அருமையாகப் பயன்படுத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) உண்மையான இழப்பு வேறு. கடைசி அத்தியாயம் தொடங்கும்போது, அதுவரை ஒன்பது கட்டங்களுக்குள் அடங்கியிருந்த நூல், திடீரென்று ஆறு முழுப்பக்க ஓவியங்களை அடுத்தடுத்து விரிக்கிறது. அத்தனையும் பிணங்கள், பல அத்தியாயங்களாக நாம் பழகிய தெருமுனை மனிதர்களின் உடல்களும் அங்கே கிடக்கின்றன. எலும்பு முறிவதை இவ்வளவு அருகில் காட்டிய படம், இந்த இடத்தில் ஒளி, புழுதி, பெரும் பள்ளம் என்று விலகிப் போய்விடுகிறது. கடைக்காரரும் சிறுவனும் கட்டித்தழுவி மறைவது இருக்கிறது. ஆனால் இந்த நீண்ட பதிப்பு அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த நேரம் எல்லாம் சேர்த்துவைத்த துயரம் அடுத்த நிமிடமே கரைந்துவிடுகிறது. கணவாயைவிட்டது கதையின் உறுப்பொன்றை மாற்றியது. பிணங்களை விட்டதோ கேள்வியையே இலேசாக்கிவிட்டது.

பெட்டியின் மற்ற வட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ‘மோஷன் காமிக்’ நேர்மையின் எல்லை: கிப்பன்ஸின் ஓவியங்களே, பேச்சுக்குமிழிகளோடு, சற்று அசைகின்றன, ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக, பெண் பாத்திரங்கள் உட்பட அனைவருக்கும் ஒரே ஆண் குரல் வாசிக்கிறது. மூலத்திலிருந்து பெரிதாக விலகவில்லை, ஆனால் பார்த்து முடிப்பதற்குள் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். ‘அண்டர் த ஹூட்’ அதற்கு நேரெதிர். உரைநடைப் பக்கங்களில் இருந்த, பழைய தலைமுறை முகமூடி வீரரான ஹாலிஸ் மேசனின் சுயசரிதையை, அந்தக் காலத்து விளம்பரங்கள் இடையிடையே வரும் ஒரு பழைய தொலைக்காட்சிப் பேட்டியாக மாற்றியிருக்கிறார்கள். வடிவத்தை மாற்றியதாலேயே அது உயிரோடு இருக்கிறது.

முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 186 நிமிடப் பதிப்பு. அரங்கப் பதிப்பில் வெட்டப்பட்ட ஹாலிஸ் மேசனின் மரணம் அதில் திரும்ப வருகிறது, கடல் குறுக்கிடுவதில்லை. ‘அல்டிமேட் கட்’ நூலை நன்கு அறிந்தவர்களுக்கானது. அவர்களும் அதை ஸ்னைடரும் கிப்பன்ஸும் பேசும் விளக்க ஒலித்தடத்தோடு பார்த்தால்தான் கூடுதல் நிமிடங்களுக்குப் பயன் உண்டு. புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மோஷன் காமிக்குக்காக இந்தப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை.