விறாந்தையில் கேட்ட மூன்று ஆல்பங்கள்

இளையராஜா என்றால் சினிமாப் பாட்டு மட்டும்தான் என்பவர்கள், 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'டை ஒருக்கா கேளுங்கள். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பித்த இசை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் தொடங்கினால், திருநெல்வேலி வீட்டு விறாந்தையில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிடுவார். ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு தந்தியும் எந்தப் பக்கம் போகிறது என்று வடிவாகப் பிடிபடும். எனக்கு இதுதான் முதலிடம்.

மழைப் பின்னேரத்துக்கு இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல்.

அப்புறம் லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.யின் 'அருளர்', 2005. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்த பிள்ளை, தகப்பனின் புனைபெயரையே தலைப்பாக வைத்துச் செய்த ராப். என் நண்பர்கள் பலர் இன்னும் கேட்கவில்லை. எனக்கு அது மனவருத்தம். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.