பனிச்சறுக்கில் அடிபட்டால் யார் மேல் கேஸ்: ரிசார்ட்டா, மோதியவரா?

என் இடது முட்டிக்குக் கீழே ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கின்றன. கொலராடோ மலை ஒன்றில், மதியம் இரண்டரை மணிவாக்கில், நீலத் தடத்தின் (நடுத்தரக் கடினமுள்ள தடம்) ஓரமாக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து வேகமாக வந்த ஒருவன் பின்பக்கமாக மோதினான். அடுத்து எனக்கு நினைவிருப்பது வாய்க்குள் இருந்த பனியும், அசையாதே அசையாதே என்று யாரோ ஆங்கிலத்தில் கத்திய குரலும்தான். மலையில் அடிபட்டவர்களை மீட்கும் ஸ்கி பேட்ரோல்காரர்கள் ஸ்லெட்ஜில் கட்டிக் கீழே இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே நண்பர்கள் கூடிவிட்டார்கள். ஒரு டப்பாவில் ரசம், கூடவே சட்ட ஆலோசனை. "ரிசார்ட் மேல கேஸ் போடு, அவங்ககிட்டதான் பணம் இருக்கு" என்றார் ஒருவர். "மோதுனவன் காலேஜ் பையன், அவன்கிட்ட என்னத்த வாங்கப்போற?" என்றார் அடுத்தவர். "வக்கீலே வேண்டாம், மூணுல ஒரு பங்க அவரே எடுத்துக்குவார், நீயே பேசி முடிச்சுடு" என்றார் மூன்றாமவர். பதினாறு மாதம் கழித்து எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறேன்: முதல் இரண்டு பேர் சொன்னதும் தப்பு. மூன்றாமவர் சொன்னது சில நேரம் சரி. நான் வக்கீல் இல்லை. ஆனால் இரண்டு வக்கீல்களின் மேசை முன்னால் உட்கார்ந்து எழுந்தவன்.

முதலில் ரிசார்ட். பணம் அங்கேதான் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கதவுக்குப் பூட்டு 1979இலேயே போட்டாகிவிட்டது. அதற்கு முன்கதை வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறது. 1974இல் ஸ்ட்ராட்டன் மலையில் புதிதாகச் சறுக்கக் கற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் ஸ்கி, தடத்தில் இருந்த சிறு புதரில் மாட்டியது. அவன் விழுந்து கை கால் செயலிழந்துபோனான். ஜூரி 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1978இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ரிசார்ட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிற, பனிமலை உள்ள மாநிலங்கள் ஒவ்வொன்றாக ரிசார்ட்டுகளைக் காக்கும் சட்டம் போட ஆரம்பித்தன. கொலராடோவின் ஸ்கி பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்த அலையில்தான்.

அந்தச் சட்டத்தில் 'விளையாட்டோடு கூடவே வரும் ஆபத்து' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மாறும் வானிலை, உறைந்த பனி, பாறை, மரக்கட்டை, பனியில்லாத வெற்றுத்தரை, மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டின் தூண், நம் திறமைக்கு மீறிய தடத்தில் நாமே இறங்குவது என்று போகும். இவற்றால் அடிபட்டால் ரிசார்ட் மேல் கேஸ் நிற்காது. பட்டியல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வின்டர் பார்க் ரிசார்ட் வழக்கே போதும். ரிசார்ட் எல்லைக்குள்ளேயே, திறந்துவைத்திருந்த தடத்திலேயே பனிச்சரிவில் ஒருவர் இறந்தார். பனிச்சரிவு என்ற சொல் பட்டியலில் இல்லை. ஆனாலும் 'பனியின் நிலை மாறுவது' என்பதில் அதுவும் அடக்கம் என்று 2016இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியே சறுக்கும்போது அடிபட்ட ஒருவர் ரிசார்ட்டை ஜெயித்தாலும் உச்சவரம்பு 10 லட்சம் டாலர். இரண்டு வருடத்துக்குள் வழக்கு போட்டாக வேண்டும். வெர்மான்டில் ஒரே வருடம்தான். ஆரிகன் மாநிலத்தில் ரிசார்ட்டுக்கு 180 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். வேறு மாநிலத்தில் அடிபட்டு ஊர் திரும்பிச் சாவகாசமாக யோசிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பூட்டில் சில ஓட்டைகளும் இருக்கின்றன. நூறு அடி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்க் குழாய், கம்பம் போன்ற மனிதர் வைத்த பொருளைக் குறியிட்டு, அதிர்ச்சி தாங்கும் உறையும் சுற்றியிருக்கவேண்டும் என்பது சட்டம். செய்யவில்லை என்றால் அது ரிசார்ட்டின் கவனக்குறைவு. அப்புறம் லிஃப்ட். சேர்லிஃப்டில் உட்கார்ந்துவிட்டால் நம் கையில் எதுவும் இல்லை, எல்லாம் அவர்கள் கையில்தான். அதனால் உச்சபட்சக் கவனம் அவர்கள் கடமை என்று 1998லேயே கொலராடோவில் தீர்ப்பு உண்டு. அந்த 10 லட்சம் வரம்பும் லிஃப்டில் பயணம் செய்யும்போது அடிபட்டவருக்குப் பொருந்தாது.

ஆனால் நாம் படிக்காமல் டிக் போடும் வெய்வர், அதாவது அடிபட்டால் வழக்கு போடமாட்டேன் என்ற ஒப்புதல், இந்த ஓட்டையையும் அடைத்துக்கொண்டிருந்தது. கீஸ்டோன் ரிசார்ட்டில் ஸ்கி வகுப்பின்போது ஒரு பெண்ணின் பூட்ஸ் லிஃப்டில் சிக்கி அடிபட்ட வழக்கை, 2018இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கையெழுத்தைக் காட்டியே முடித்துவைத்தது. 2024 மே மாதம்தான் காற்று திரும்பியது. க்ரெஸ்டட் பியூட் ரிசார்ட்டில் லிஃப்டிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட 16 வயதுப் பெண்ணின் வழக்கில், சட்டம் விதித்த கடமையை மீறினால் வெய்வரைக் காட்டித் தப்பமுடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே லிஃப்ட் விபத்து என்றால் ரிசார்ட் பக்கம் போகலாம். கட்டாயம் போகலாம். என்னுடையது லிஃப்ட் இல்லை. முதல் வக்கீல் நான் பேச ஆரம்பித்த மூன்றாம் நிமிடத்திலேயே ரிசார்ட்டின் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து அடித்து நீக்கிவிட்டார்.

இனி மோதியவன். இங்கே சட்டம் அப்படியே தலைகீழ். ஒருவர் மேல் இன்னொருவர் மோதுவது விளையாட்டோடு வரும் ஆபத்து ஆகாது என்று அதே 1979 சட்டம், சறுக்குபவர்களுக்கு இடையிலான வழக்குக்கு மட்டும் தனியாகச் சொல்கிறது. மேலிருந்து வருபவர்தான் கீழே இருப்பவரைத் தவிர்க்கவேண்டும், அது அவரது முதல் கடமை. மோதி அடிபட்டால், பெயரும் முகவரியும் ரிசார்ட் ஊழியரிடமோ பேட்ரோலிடமோ தராமல் அந்த இடத்தை விட்டுப் போகவும் கூடாது. ஐரோப்பாவிலும் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து விதிகளில் ஒன்று இதையேதான் சொல்கிறது. இத்தாலி ஒரு படி மேலே போய், 2022இலிருந்து மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் தடத்தில் இறங்கவே கூடாது என்றுவிட்டது.

சரி, காலேஜ் பையனிடம் பணம் ஏது? அவனிடம் இல்லை. அவன் அப்பா அம்மாவின் வீட்டு இன்ஷூரன்ஸில் இருக்கிறது. நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். வீடு எரிந்தால் கொடுக்கும் இன்ஷூரன்ஸ் மலையில் மோதியதற்கு எதற்குக் கொடுக்கவேண்டும்? அமெரிக்க வீட்டு பாலிசியில், வாடகைக்கு இருப்பவர் எடுக்கும் பாலிசியிலும்தான், 'தனிநபர் பொறுப்பு' என்று ஒரு பகுதி உண்டு. வீட்டில் இருப்பவர் வெளியில் போய்த் தெரியாமல் பிறருக்கு விளைவிக்கும் காயம் அதில் அடங்கும். முழுநேரம் படிக்கப் போன, 24 வயதுக்குட்பட்ட பிள்ளையும் வழக்கமான பாலிசிகளில் சேர்த்தி. ஒரு லட்சம், மூன்று லட்சம் டாலர் என்று வரம்பு இருக்கும். அந்த வரம்புக்கு மேல் கொடுக்கும் குடை பாலிசி ஒன்றும் இருந்தால் இன்னும் கூடுதல். நாம் கேஸ் போடுவது பையன் மேல்தான், காசு தருவது கம்பெனி. அந்தப் பையன் மேல் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு இதைச் சொன்ன பிறகுதான் நிம்மதி.

இந்த வழியின் பலவீனம் சாட்சியம். ஹாலிவுட் நடிகை க்வினெத் பேல்ட்ரோ வழக்கு நினைவிருக்கும். 2016 பிப்ரவரியில் யூட்டாவின் டியர் வேலியில் அவரும் ஓய்வுபெற்ற கண் பரிசோதகர் ஒருவரும் மோதிக்கொண்டார்கள். அந்த மனிதர் 2019இல் 31 லட்சம் டாலர் கேட்டு வழக்கு போட்டார். ரிசார்ட்டையும் சேர்த்துத்தான் போட்டார், அது வழியிலேயே கழன்றுகொண்டது. கேட்ட தொகையும் மூன்று லட்சத்துச் சொச்சமாக இறங்கியது. 2023 மார்ச்சில் விசாரணை. 'அவர்தான் என் முதுகில் மோதினார்' என்று இரண்டு பேருமே சொன்னார்கள். வீடியோ கிடையாது. விபத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஊர் ஊராகச் சுற்றிய போட்டோக்களையும், 'நான் பிரபலமாகிவிட்டேன்' என்று தலைப்பிட்டு மகள்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் எதிர்த்தரப்பு ஜூரியிடம் காட்டியது. நூறு சதவீதமும் அந்த மனிதரின் தப்பே என்று முடிவானது. நடிகை எதிர்வழக்கில் கேட்ட ஒரே ஒரு டாலர் கிடைத்தது.

அதனால்தான் என் வக்கீல் முதல் நாளே, "போட்டோ எதுவும் போடாதீர்கள்" என்றார். பொங்கலுக்கு வேட்டி கட்டி வாக்கரைப் பிடித்து நின்ற படம் இன்னமும் போனிலேயே கிடக்கிறது. கொலராடோவில் தப்பைச் சதவீதமாகப் பிரிப்பார்கள். என் பங்கு 20 என்றால் இழப்பீட்டில் 20 சதவீதம் கழியும். 50ஐத் தொட்டால் பூஜ்யம். எதிர்த்தரப்பு எப்படியாவது அந்த ஐம்பதுக்கு என்னைத் தள்ளத்தான் பார்க்கும்: திடீரென்று திரும்பினார், தடத்தின் நடுவில் நின்றார், பார்க்கவில்லை.

இங்கேதான் டிவி விளம்பர வக்கீலுக்கும் மலை தெரிந்த வக்கீலுக்கும் வித்தியாசம் தெரிந்தது. முதலில் பார்த்தவர் கார் விபத்துக்காரர். கெட்டிக்காரர்தான். ஆனால் "போலீஸ் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். மலையில் ஏது போலீஸ்? இரண்டாமவர் கேட்ட கேள்வி, "உங்கள் போனில் சறுக்குத் தடத்தைப் பதிகிற ஆப் ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா?" ஓடிக்கொண்டிருந்தது. நான் மணிக்கு எத்தனை மைல் போனேன், எந்தப் பக்கம் திரும்பினேன் என்று வளைவு வளைவாக அதில் இருந்தது. அன்று மாலையே ரிசார்ட்டுக்கு ஒரு கடிதம் போனது: பேட்ரோல் அறிக்கை, கேமரா பதிவு, லிஃப்ட் வாசலில் பாஸை ஸ்கேன் செய்த நேரப்பட்டியல் எதையும் அழிக்கக்கூடாது என்று. மோதியவன் கடைசியாக எந்த லிஃப்டில் எத்தனை மணிக்கு ஏறினான் என்பது அந்தப் பட்டியலில்தான் கிடைக்கும். ரிசார்ட் மேல் கேஸ் இல்லாவிட்டாலும் ரிசார்ட்டிடம் சாட்சியம் இருக்கிறது. இது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைசியாக, வக்கீல் இல்லாமல் நாமே. கை சுளுக்கு, இரண்டு வாரம் லீவு, உடைந்த ஸ்கி என்றால் நாமே பேசலாம், பேசவும் வேண்டும். கொலராடோவில் சின்ன வழக்கு நீதிமன்றத்தில் 7,500 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். மூன்றில் ஒரு பங்கை அதில் கொடுப்பது வீண். ஆபரேஷன் வரை போனால் கதை வேறு. விபத்து நடந்த ஒன்பதாம் நாள், எதிராளியின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இழப்பீட்டைப் பேசி முடிக்கும் அட்ஜஸ்டர் ஒருவர் கூப்பிட்டார். அத்தனை அன்பான குரல். முட்டி எப்படி இருக்கிறது, குழந்தைகள் எப்படி என்று விசாரித்துவிட்டு, "நடந்ததைச் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன்" என்றார். நல்லவேளை, மாத்திரை மயக்கத்தில் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த வாரம் 11,000 டாலருக்கு ஒரு காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டால் பிறகு எதுவும் கேட்கமுடியாது.

வக்கீல் கட்டணம் ஜெயித்தால் மட்டும்தான். நம் ஊரில் பார் கவுன்சில் விதி இதை அனுமதிப்பதில்லை, இங்கே இதுதான் நடைமுறை. பேசி முடிந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று, கோர்ட்டுக்குப் போனால் 40 சதவீதம். செலவு தனி. ஆனால் எங்களைப் போன்ற ஐ.டி. ஆட்கள் கவனிக்கவேண்டியது வக்கீல் பங்கை விட மெடிக்கல் இன்ஷூரன்ஸின் பங்கை. ஆபரேஷனுக்குக் கொடுத்ததை அவர்கள் உங்கள் இழப்பீட்டிலிருந்து திரும்பக் கேட்பார்கள். உங்களுக்கு முழு நஷ்டஈடு கிடைக்காதவரை கேட்கக்கூடாது என்று கொலராடோ சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனிகள் தாங்களே பணம் போட்டு நடத்தும் திட்டங்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது, அவை ஃபெடரல் சட்டத்தின் கீழ் வரும். எத்தனை பேருக்குத் தன்னுடையது எந்த வகை என்று தெரியும்?

கணக்குக்காக: செட்டில்மென்ட் 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்கு 30,000, செலவு 4,000. மெடிக்கல் திட்டம் கேட்பது 35,000. வக்கீல் அவர்களோடு மல்லுக்கட்டி 20,000க்கு இறக்கினால் நம் கையில் 36,000. அதே ஆள் தானே பேசி 40,000 வாங்கி, திட்டத்துக்கு முழு 35,000 கட்டினால் மிச்சம் 5,000. என் வழக்கில் வக்கீல் அதிக நேரம் செலவழித்தது எதிராளியின் இன்ஷூரன்ஸோடு அல்ல, என்னுடைய இன்ஷூரன்ஸோடு.

என் தேர்வு உங்களுக்குப் புரிந்திருக்கும்: மோதியவன் மேல், மலை தெரிந்த வக்கீல் வழியாக. கோர்ட் படி ஏறாமலே முடிந்தது. செக் வந்த வாரம் என் வாடகைவீட்டு பாலிசியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பொறுப்புத் தொகை ஒரு லட்சம் என்று இருந்தது. அதை மூன்று லட்சமாக்கச் சொல்லி ஏஜென்ட்டுக்கு எழுதினேன். பிசியோதெரபிஸ்ட் வரும் டிசம்பரில் சறுக்கலாம் என்கிறார். இந்தத் தடவை மேலிருந்து வருவது நானாகவும் இருக்கலாம்.