ட்ரிப்பே ஆகாதுன்னு ஒருத்தர் டிபி மாட்டிக் குடுத்தா உஷாரா இருங்க

படிக்கிறதை நிறுத்திட்டு மொதல்ல உங்க டிபி பாக்ஸை, அதாவது வீட்டு மெயின் சுவிட்செல்லாம் இருக்கிற பொட்டியைத் திறந்து பாருங்க. வரிசையா இருக்கிற சின்ன சுவிட்சுங்கதான் எம்சிபி, கரண்ட் அளவுக்கு மேல போனா தானா விழுறது. ரெண்டு எம்சிபி அகலத்துக்கு பெருசா ஒண்ணு இருக்கும். அதுல டி-ன்னு (T) எழுதின குட்டி பட்டன் இருக்கா? இருந்தா, கரண்ட் இருக்கும்போதே அமுக்குங்க, டப்புன்னு விழணும். அப்படி ஒரு பட்டனே எங்கயும் இல்லைன்னா மேல படிங்க, ஏன்னா நான் அஞ்சு மாசம் அதைத் தினமும் பாத்துக்கிட்டு எதுவும் தெரியாமதான் இருந்தேன்.

வயரிங் புதுசா பண்ணினப்ப 40 ஆம்ஸ், 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனா தானா அறுக்கிற சுவிட்ச், நானே வாங்கிட்டு வந்தேன், எலக்ட்ரீஷியன் மாட்டினதையும் பக்கத்துலயே நின்னு பாத்தேன். மூணாவது வாரம் கீசர் போட்டா போதும், மொத்த வீடும் இருட்டு. திரும்ப ஏத்தி விட்டா கொஞ்ச நேரம் நிக்கும், மறுபடி விழும். அவரைக் கூப்பிட்டேன். "சார் இந்த பீஸ் ஓவர் சென்சிட்டிவ், நான் வேற நல்லதா மாத்தித் தரேன், அப்புறம் ட்ரிப்புங்கிற பேச்சே வராது"ன்னாரு. அரை மணி நேரத்துல மாத்திட்டாரு, வித்தியாசம்னு மேல கொஞ்சம் காசும் வாங்கினாரு, பழசை கம்பெனிக்கு அனுப்பிக்கிறேன்னு பையில போட்டுக்கிட்டாரு. அவர் சொன்ன மாதிரியே அதுக்கப்புறம் ட்ரிப் ஆகவே இல்ல. ரெண்டு பேருக்கு அவர் நம்பரை வேற குடுத்துத் தொலைச்சேன்.

ஒருநாள் காலைல அம்மா பாத்ரூம்ல இருந்து வந்து, "குழாயைத் தொட்டா விரல்ல எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குடா"ன்னாங்க. ஈரக் கையா இருக்கும்னு சொல்லிட்டேன். மறுநாளும் சொன்னாங்க. டெஸ்டரை வச்சுப் பாத்தா குழாய்ல லைட் எரியுது, எனக்கு கை நடுங்கிருச்சு. உடனே மெயினை இறக்கிட்டு வேற ஒருத்தரைக் கூப்பிட்டேன்.

அவர் டிபியைத் திறந்து ரெண்டு செகண்ட்தான் பாத்தாரு. "இது ஆர்சிசிபி இல்ல சார், ஐசொலேட்டர்". அதே கலர், அதே அகலம், அதே மாதிரி லிவர். ஆனா அது வெறும் சுவிட்ச், நாம இறக்கினாத்தான் இறங்கும், உள்ள லீக்கேஜைக் கவனிக்கிற காயிலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டேன். ஆர்சிசிபி மேல 30 மில்லி ஆம்ஸ்னு அச்சடிச்சிருக்கும், டெஸ்ட் பட்டன் இருக்கும். எம்சிபின்னா கட்டத்துக்குள்ள 6000 இல்ல 10000-ன்னு இருக்கும், ஷார்ட் ஆனா அத்தனை ஆம்ஸ் வரைக்கும் தாங்கி அறுக்கும்னு அர்த்தம், ஆம்ஸுக்கு முன்னாடி பி-யோ சி-யோ ஒரு எழுத்தும் இருக்கும். ஐசொலேட்டர்ல இது எதுவுமே இருக்காது, பெரும்பாலும் AC-22ன்னு ஏதாவது போட்டிருக்கும்.

உண்மையில என்ன நடந்திருக்குன்னா கீசர் காயில்ல லீக்கேஜ். எர்த் சரியா இருந்த வரைக்கும் லீக் ஆன கரண்ட் எர்த்ல போச்சு, ஆர்சிசிபி போற கரண்டும் வர்ற கரண்டும் சமமா இல்லைன்னு பாத்து 0.3 செகண்டுக்குள்ள அறுத்துச்சு, அதாவது அது செய்ய வேண்டிய வேலையை ஒழுங்கா செஞ்சுது, அதைத்தான் ரிப்பேர்னு சொல்லி கழட்டிட்டுப் போயிருக்காரு. அப்புறம் கீசர் பிளக் பாயிண்ட்ல எர்த் ஸ்க்ரூ லூஸாகி வயர் வெளிய வந்துருச்சு, லீக்கேஜ் போக வழியில்லாம தண்ணி குழாய்க்கு வந்துருச்சு. எம்சிபி இருக்கேன்னு நினைக்காதீங்க, மனுஷன் உடம்புல 0.1 ஆம்ஸ் போனாலே உயிர் போகலாம், 16 ஆம்ஸ் எம்சிபிக்கு அது கண்ணுலயே படாது.

அதோட முடியல. மத்த எம்சிபியைப் பாத்தா லைட், பிளக், கீசர் எல்லாத்துக்கும் 32 ஆம்ஸ். "பெருசா போட்டா ட்ரிப் ஆகாது" அவ்வளவுதான் அந்தப் பழைய ஆளோட கணக்கு. கீசரும் வாஷிங் மெஷினும் ஒரே லைன், அந்த லைன்ல போறது 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். ரெண்டும் சேர்ந்து ஓடினா 17, 18 ஆம்ஸ் இழுக்கும், பைப்புக்குள்ள போற அந்த வயர் தாங்குறது சுமார் 15. 32 ஆம்ஸ் எம்சிபி 36 ஆம்ஸ் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு அசையாது, 46 ஆம்ஸ் போனாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள கண்டிப்பா விழணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. அதாவது வயர் வெந்துட்டிருக்கும், எம்சிபி தூங்கிட்டிருக்கும். எம்சிபி காப்பாத்துறது வயரைத்தான், நம்ம மெஷினை இல்ல, இது எனக்கே அன்னைக்குத்தான் புரிஞ்சுது. புதுசா வந்தவர் ஒரு துண்டு வயரை உருவிக் காட்டினாரு, சிவப்பா இருக்க வேண்டியது காஞ்ச பழுப்பு, வளைச்சா மேல்தோல் பொரிஞ்சு உதிருது. கீசர் பாயிண்ட்ல சாக்கெட் மட்டும் 16 ஆம்ஸ், பக்கத்துல சுவிட்ச் 6 ஆம்ஸ், 2000 வாட்ஸ் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ஸ் இழுக்குது, சுவிட்சோட பின்பக்கம் உருகி டெர்மினல் சாஞ்சு நின்னுச்சு. எப்பவாவது ஒரு மாதிரி மீன் நாத்தம் மாதிரி வருதேன்னு நாங்க ட்ரைனேஜைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

இப்ப லைட்டுக்கு 1.5 வயர், 6 ஆம்ஸ். பிளக்குக்கு 2.5 வயர், 16 ஆம்ஸ். கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தனித்தனி லைன், சுவிட்சும் 16 ஆம்ஸ். ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம், சி கர்வ் (எம்சிபி மேல ஆம்ஸுக்கு முன்னாடி இருக்கும்னு சொன்ன அந்த எழுத்து) 20 ஆம்ஸ், ஏசியோட மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடி அதிகமா இழுக்கும், பி கர்வ்னா சும்மா சும்மா விழும். புது ஆர்சிசிபியை மாட்டினதும் கரண்ட் குடுத்து டி பட்டனை நானே அமுக்கிப் பாத்தேன், இப்ப மாசம் ஒருக்கா அமுக்குறேன். ஆனா ஒண்ணு, அந்த பட்டன் எர்த் நல்லா இருக்கான்னு சொல்லாது, அதைத் தனியா மீட்டர் வச்சுத்தான் பாக்கணும். யாராவது மாத்தினா பழைய பீஸை கையில வாங்கி வச்சுக்கோங்க, கம்பெனிக்கு அனுப்புறதா இருந்தா நாமளே அனுப்பிக்கலாம்.

பழைய ஆளுக்கு போன் பண்ணி கேட்டேன். கோபப்படவே இல்ல, ரொம்ப பொறுமையா, "சார், ட்ரிப் ஆகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னாரு. சரிண்ணே, என் ஆர்சிசிபி எங்கன்னு கேட்டேன். கட் பண்ணிட்டாரு.