ஜெட்டியில் ஒரே ஆப்ஜெக்ட்டை எல்லா சர்வ்லெட்டுக்கும் கொடுப்பது: சில வருட அனுபவம்

லாரி எடைமேடைக் கணினி ஒன்றில், ஜாவா நிரலுக்குள்ளேயே ஜெட்டி வெப் சர்வரை வைத்துச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். எடை காட்டும் இண்டிகேட்டர் சீரியல் போர்ட் வழியாக எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் போர்ட்டை ஒருவர்தான் திறந்து வைத்திருக்க முடியும். எடையைக் கேட்டு வருபவர்களோ பலர்: பில் போடும் பக்கம், கேட்டில் உள்ள திரை, மேனேஜரின் மொபைல். ஆக, போர்ட்டைப் படிக்கும் ஆப்ஜெக்ட் (இனி ரீடர்) ஒன்றே ஒன்று. அது எல்லா சர்வ்லெட்டுக்கும் (வெப் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா ஆப்ஜெக்ட்) போய்ச் சேர வேண்டும்.

ஸ்டாட்டிக் மாறியில் (நிரல் முழுக்கப் பொதுவான மாறி) போட்டாலும் ஓடும். ஆனால் டெஸ்ட்டுக்காக ஒரே ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) இரண்டு சர்வர் கிளப்பினால் இரண்டும் ஒரே தராசைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அது சரிப்படவில்லை.

சர்வ்லெட்டுகள் பகிர்ந்துகொள்ளும் சர்வ்லெட் கான்டெக்ஸ்டில் ஒரு பெயர் கொடுத்து செட்ஆட்ரிபியூட் செய்து, உள்ளே கெட்ஆட்ரிபியூட் மூலம் எடுப்பதுதான் பலரும் சொல்லும் வழி. குறை என்னவென்றால், சாவியான அந்தப் பெயர் வெறும் ஸ்ட்ரிங். ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது. கையில் நல் (null, அதாவது வெறுமை) வரும். அதுவும் சர்வ்லெட்டைத் தயார்படுத்தும் இனிட் வழக்கமாக முதல் கோரிக்கை வரும்போதுதான் ஓடும் என்பதால், முதல் லாரி ஏறி நின்ற பிறகுதான் தெரியும். சர்வ்லெட்டைச் சுமக்கும் ஜெட்டியின் சர்வ்லெட்ஹோல்டரில் செட்இனிட்ஆர்டர் கொடுத்துவிட்டால் சர்வர் எழும்போதே தெரிந்துவிடும்.

நான் நிலைத்து நின்றது கன்ஸ்ட்ரக்டரில், அதாவது ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போதே தேவையானதைக் கொடுப்பதில். சர்வ்லெட்டின் கிளாஸைக் கொடுத்தால் ஜெட்டி தானே அதை உருவாக்கும். அப்போது நம் ஆப்ஜெக்ட்டை நுழைக்க இடமில்லை. அதற்குப் பதில், ரீடரைக் கையில் கொடுத்து நாமே சர்வ்லெட்டை உருவாக்கி, அதை சர்வ்லெட்ஹோல்டரில் போட்டுவிடலாம். எது எதை நம்பியிருக்கிறது என்பது மெயினைப் படித்தாலே புரியும். ஜெட்டி 11-இல் சர்வ்லெட் பேக்கேஜ் பெயரில் ஜாவாக்ஸ் போய் ஜகார்த்தா வந்தபோதும், 12-இல் ஜெட்டியின் சொந்த பேக்கேஜ் பெயர்கள் மாறியபோதும் இம்போர்ட் வரிகளை மாற்றியதோடு சரி; ரீடரைத் தொடவே இல்லை.

கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. ஒரே சர்வ்லெட் ஆப்ஜெக்ட்டுக்குள் பல த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் நுழையும். ஜெட்டியின் த்ரெட் பூலை மாற்றாமல் விட்டால் 200 வரை போகும். எடை ஒரு மாறி, அது வந்த நேரம் இன்னொரு மாறி என்று வைத்தால், புது எடையும் பழைய நேரமும் சேர்ந்து பில்லில் அச்சாகிவிடலாம். இரண்டையும் வாலட்டைல் (புது மதிப்பு எல்லா த்ரெட்டுக்கும் உடனே தெரியும் மாறி) ஆக்கினாலும் இந்தச் சிக்கல் தீராது, ஏனென்றால் படிப்பது இரண்டு தடவை. எடை, நேரம் இரண்டும் சேர்ந்த ஒரு ரெக்கார்ட், அதைச் சுட்டும் ஒரே வாலட்டைல் மாறி: புது எண் வந்ததும் புது ரெக்கார்டை அங்கே வைப்பது, சர்வ்லெட் அதை ஒரு தடவை எடுத்து லோக்கல் மாறியில் வைத்துப் பயன்படுத்துவது. லாக் எதுவும் தேவைப்படவில்லை.

போர்ட்டைத் திறந்து மூடும் வேலைக்கு, ஓர் ஆப்ஜெக்ட்டைச் சர்வரோடு சேர்த்து ஓடவும் நிற்கவும் வைக்கும் ஆட்பீன் அருமை. ரீடரை ஜெட்டியின் ஆப்ஸ்ட்ராக்ட்லைஃப்சைக்கிள் கிளாஸிலிருந்து நீட்டி எழுதி சர்வரில் ஆட்பீன் செய்தால், கனெக்டர் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வாங்கும் பகுதி) கோரிக்கைகளை ஏற்கத் தொடங்கும் முன்பே சீரியல் போர்ட் திறந்துவிடும். நிறுத்தும்போது, சேர்த்த வரிசைக்குத் தலைகீழாக நிற்கும். அதனால் சர்வ்லெட்டுகளை வைத்திருக்கும் ஹேண்ட்லரைச் சேர்ப்பதற்கு முன்பே ரீடரைச் சேர்த்துவிடுங்கள். சர்வரின் செட்ஸ்டாப்அட்ஷட்டவுனை ட்ரூ ஆக்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் சர்வீஸை நிறுத்தும்போது போர்ட்டை மூடும் ரீடரின் டூஸ்டாப் ஓடாது.