பழைய ஊதுகண்ணாடி ஜாடி, பித்தளைப் போசி: வீட்டில் வைத்துப் புழங்கிய அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஊதிச் செய்த பழைய கண்ணாடி ஜாடிகளும் பாட்டி காலத்துப் பித்தளைப் போசிகளும் (சமையல் பாத்திரங்கள்) பல வருஷமாக இருக்கின்றன. பார்க்கிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், உங்கள் வீட்டில் வருவது என்ன தண்ணீர் என்பது.

சிறுவாணித் தண்ணீரில் கழுவினால் ஜாடி காய்ந்ததும் பளிச்சென்று இருக்கிறது. அதிலேயே போர் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் வைத்தால், தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளை வளையம் கட்டிவிடும். சுண்ணாம்புப் படிவு அது. கம்பி நாரால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். வினிகர் ஊற்றி ராத்திரி ஊறவிட்டால் காலையில் துணிக்கே வந்துவிடும். வருஷக்கணக்கில் விட்டு கண்ணாடியே மங்கிப்போனால் வினிகரும் எடுபடாது.

வாங்கும்போது ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். வாயைச் சீராக்குகிற நேரத்தில் அடியில் ஒட்டிப் பிடித்திருந்த கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு நடுவில் தட்டுப்படும். சிலதில் அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். அச்சு சேர்ந்த பக்கவாட்டுக் கோடு வாய் விளிம்பையும் தாண்டி ஓடினால் மெஷின் வேலை. எங்களிடம் இருக்கிற பச்சை ஜாடியில் எள்ளளவு குமிழிகள் சாய்வாக இழுபட்டு நிற்கின்றன, ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மெலிசு. சாயங்கால வெயில் பட்டால் சுவரில் விழும் பச்சை ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் தெரியும். மணலில் கலந்த இரும்பு தரும் பச்சை அது. எனக்கு இந்த வீட்டிலேயே பிடித்த பொருள்.

பித்தளைக்குப் புளி போதும். ஆனால் தேய்த்த கையோடு நன்றாக அலசி, துணியால் துடைத்துவிட வேண்டும். புளியும் உப்பும் மடிப்பில் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும். மின்னட்டும் என்று லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு அடித்து விற்பதை வாங்க வேண்டாம். கொஞ்ச நாளில் திட்டுத்திட்டாக உரிந்து, உரிந்த இடம் மட்டும் கறுக்கிறது.

அலங்காரத்துக்கு வைத்த போசியில் சமைக்க ஆசைப்பட்டால் உள்ளே வெள்ளீயம் (டின்) பூசியே ஆகணும். புளிப்பு பட்டால் பித்தளையில் இருக்கிற செம்பு கரையும். நவச்சாரம் என்கிற உப்பைப் போட்டுச் சுடச்சுடப் பூசுகிற ஆட்கள் இப்போது குறைவு. நசுங்கியதென்று எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் பாத்திரப் பட்டறைகள் இருக்கின்றன. எடைக்குப் போடுவதற்கு முன்னால் அங்கே கொண்டுபோய் ஒடுக்கு எடுக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்க.