புரோக்கர் கூட்டிவந்த ஆளை நம்பி வீடு வாங்கினோம்

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நாங்கள் ஒன்றும் பார்க்காமல் வாங்கவில்லை. வீட்டைப் பரிசோதிக்க ஆள் வைத்தோம். ஆனால் அந்த ஆளைக் கூட்டிவந்தவர் புரோக்கர். வீடு விற்றால்தான் புரோக்கருக்குக் கமிஷன். குறை சொல்லிப் பேரத்தைக் கெடுக்கிறவரை அடுத்த முறை கூப்பிடுவாரா? இது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

வந்தவர் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். மாடிக் கதவுக்குச் சாவி இல்லை என்று மேலே ஏறவேயில்லை. அறிக்கையில் மட்டும் ‘மேல்தளம் நல்ல நிலை’ என்று இருந்தது. குளியலறைக் கூரை மட்டும் புதுப் பெயின்டில் பளிச்சென்று இருந்ததே, ஏன் என்று கேட்டேன். விற்கும்போது எல்லாரும் அடிப்பதுதான் என்றார். ஈரம் பார்க்கும் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

குடிவந்து முதல் மழைக்கே அந்தக் கூரையில் பழுப்புக் கறை படர்ந்தது. அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மேலே தெரிந்த கம்பி, தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். சரிசெய்ய வந்த இன்ஜினியர் பக்கத்து அறைக் கூரையைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் ‘டங்’, பூச்சு விட்டுப்போன இடத்தில் ‘பொத்’. அன்று அதே கூரைக்கடியில் நின்ற பரிசோதகர் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யவில்லை.

அவரிடம் போய்க் கேட்டோம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்: கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே பார்ப்போம், தவறினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு பொறுப்பு முடிந்தது. கீழே எங்கள் கையெழுத்து.

விற்றவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. குறையைச் சொல்லி விலையைக் குறைத்திருந்தால் தெரிந்தே வாங்கியிருப்போம். பெயின்ட் அடித்து மூடியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பரிசோதகரை நீங்களே தேடுங்கள். அவர் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். சாவி இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். பார்க்காத இடத்தை ‘பார்க்கவில்லை’ என்றே எழுதி வாங்குங்கள். முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏற்கெனவே புரோக்கர் மூலம் அறிக்கை வாங்கி, பத்திரம் முடிக்காமல் இருக்கிறீர்களா? ஒப்பந்தத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.