மெரைன் தொட்டியில் ஒயிட் ஸ்பாட்டும் வெல்வெட்டும்: நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்ததில் எது தேறியது

கடல்நீர் (மெரைன்) மீன் தொட்டிகளில் வரும் ஒயிட் ஸ்பாட் என்ற வெள்ளைப் புள்ளி நோய்க்கு என்று கடையில் கிடைக்கும் எந்தப் பொருளையும் ஒரு வாரம் மட்டும் பயன்படுத்தினால், அது நன்றாக வேலை செய்வதாகத்தான் தோன்றும். பூண்டுச் சாறு கலந்த தீவனம், பவளத்துக்குப் பாதிப்பில்லாதது என்று சொல்லி விற்கப்படும் மருந்து, எதை ஊற்றினாலும் சில நாட்களில் மீனின் மேலிருந்த வெள்ளைப் புள்ளிகள் மறைந்துவிடும். ஒன்றுமே ஊற்றாவிட்டாலும் மறைந்துவிடும். அதனால்தான் ஒரு வார அனுபவத்தை வைத்துச் சொல்லப்படும் பரிந்துரைகளை நான் நம்புவதில்லை.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 400 லிட்டர் மெரைன் தொட்டியைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். மீன்கள், லைவ் ராக் (பாக்டீரியா வாழும் கடல் பாறை), நத்தைகள், ஒரு க்ளீனர் ஷ்ரிம்ப் (மீன்களைச் சுத்தம் செய்யும் இறால்), அவ்வளவுதான். பவளம் கிடையாது. கல் பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அந்தப் பக்கமே போவதில்லை. இந்தத் தொட்டிக்காக வாங்கியவற்றில் எவை காசுக்குத் தகுந்தவை, எவை இல்லை என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் எதிரியைப் பற்றி. ஒயிட் ஸ்பாட்டை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் புள்ளி அதுதான். வளர்ந்து முடிந்ததும் தானாகவே உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. உறைக்குள் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. பிறகு பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீன்கள் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும்போது, குஞ்சுகள் வெளியே வருகின்றன. ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும்.

தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் நாம் வழக்கமாகத் தண்ணீரில் கலக்கும் மருந்துகள் அதை எட்டுவதில்லை. நீந்தித் திரியும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. உறைகள் எல்லாம் ஒரே நாளில் வெடிப்பதும் இல்லை. சில மூன்றாவது நாளே திறந்துவிடும். 72 நாள் கழித்துத் திறந்ததும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதனால், புள்ளி போய்விட்டது என்பது எந்த மருந்துக்கும் சான்று ஆகாது. அடுத்த சுற்றும் அதற்கடுத்த சுற்றும் வராமல் இருந்தால்தான் அது சான்று.

இந்த அளவுகோலில் பூண்டு தேறவில்லை. பவளத்துக்குப் பாதிப்பில்லாதது என்று விற்கப்படும் திரவங்களும் தேறவில்லை. பூண்டு மீனைச் சாப்பிட வைக்கும், அதற்காகத் தாராளமாகப் பயன்படுத்தலாம். க்ளீனர் ஷ்ரிம்ப் அழகான உயிர், ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை அது கொத்தி எடுத்துவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

எனக்கு உண்மையில் பலன் தந்தது, மீனைத் தனியே வைத்துச் சிகிச்சை தரும் க்வாரன்டைன் தொட்டி. க்வாரன்டைன் என்றதும் பெரிய ஏற்பாடாக நினைக்கிறார்கள். 80 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஏர் பம்ப், மீன் ஒளிந்துகொள்ள சில பி.வி.சி. எல்போ, மேலே ஒரு மூடி. இவ்வளவுதான் அது. மணலும் கல்லும் போடக் கூடாது, ஒட்டுண்ணியைக் கொல்ல நாம் போடும் காப்பர் (செம்பு) மருந்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பாஞ்சை மட்டும் முன்கூட்டியே பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதனோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) போட்டு ஊற வைத்திருப்பேன். பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் தயாராக இல்லாமல் மீன் வாங்கப் போவதில்லை, ஏனென்றால் க்வாரன்டைனில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் அம்மோனியாதான் காரணம். காரியம் முடிந்த பிறகு, காப்பர் பட்ட அந்த ஸ்பாஞ்ச் பெரிய தொட்டிப் பக்கம் திரும்பக் கூடாது.

தொட்டி வைக்கும் இடமும் முக்கியம். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயின் குஞ்சுகள் ஏர் பம்ப் தெளிக்கும் நுண்துளிகளோடு காற்றில் 3 மீட்டர் வரை போய் இன்னொரு தொட்டியில் தொற்றியதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. என்னுடையது வேறு அறையில் இருக்கிறது. வலை, குழாய், துணி எல்லாம் அதற்கென்று தனி.

இனி காப்பர். நான் அதிகம் பயன்படுத்தியது சீகெம் நிறுவனத்தின் குப்ரமீன். இலக்கு 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்). 40 லிட்டருக்கு 1 மில்லி ஊற்றி, 48 மணி நேரம் கழித்து அதே அளவை இன்னொரு முறை ஊற்றச் சொல்கிறார்கள். நான் அதைவிட மெதுவாக, பல நாட்களாகப் பிரித்து ஏற்றுவேன். மீன் தீவனத்தைத் தொடாமல் நின்றால் அன்றைக்கு ஏற்றுவதை நிறுத்திவிடலாம். லேபிளில் 14 நாள் போதும் என்று இருக்கும். நான் 30 நாள் வைக்கிறேன். கீலேட் வகைக் காப்பரும் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த காப்பர்) கிடைக்கிறது, மீன்கள் அதை இன்னும் சுலபமாகத் தாங்குகின்றன. அதற்கு 2 முதல் 2.5 பிபிஎம் வரை வேண்டும். இரண்டின் அளவையும் மாற்றிப் போட்டுவிட்டால் மீன் பிழைக்காது, பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

காப்பர் வாங்குபவர்கள் அளக்கும் கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பேன். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி தப்பும், கூடினால் மீன் சாகும், நடுவில் இருக்கும் இடம் மிகச் சிறியது. நிற அட்டையோடு ஒப்பிடும் டெஸ்ட் கிட்டில் 0.3-க்கும் 0.5-க்கும் உள்ள வித்தியாசம் டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹன்னா காப்பர் செக்கர் எண்ணாகவே காட்டும். அதில் உயர் அளவு மாடலைத்தான் வாங்க வேண்டும், 0 முதல் 5 பிபிஎம் வரை அளப்பது அதுதான். கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகையோ நீர்த்துளியோ இருந்தால் எண் தப்பாக வரும், மெல்லிய துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பொட்டலம் ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொடி) செலவாகிறது. இந்தக் கருவியில் எனக்குள்ள ஒரே குறை அதுதான்: ரீஏஜென்ட் இங்கே எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. முன்கூட்டியே ஆர்டர் போட்டு, காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை வெயிலுக்கு இன்னொரு கணக்கு. மே மாதத்தில் மின்விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆனால் காப்பர் ஆவியாகாது. சிறிய தொட்டியில் அளவு தானாக ஏறிக்கொண்டே போகும். தினமும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவருவேன். தண்ணீர் மாற்றும்போது புது உப்புத் தண்ணீரில் அதே அளவு காப்பரைக் கலந்த பிறகுதான் ஊற்றுவேன். அம்மோனியா ஏறினால் அவசரத்துக்கு ஏதாவது வாட்டர் கண்டிஷனர் ஊற்றத் தோன்றும். காப்பர் இருக்கும் தண்ணீரில் அது கூடவே கூடாது. பல கண்டிஷனர்களில் இருக்கும் பொருட்கள் காப்பரை மீனுக்கு இன்னும் நஞ்சாக்கிவிடும். தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

காப்பரைத் தாங்காத மீன்களும் உண்டு. மாண்டரின், லயன் ஃபிஷ் போன்றவற்றுக்கு மருந்தே இல்லாத ஒரு முறை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்துக்கொண்டு, 72 மணி நேரம் ஆவதற்குள் மீனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவது. மொத்தம் நான்கு மாற்றம். உதிர்ந்த ஒட்டுண்ணி உறை கட்டிக் குஞ்சு பொரிக்கும் முன்பே மீன் அங்கிருந்து போய்விடும். காலியான தொட்டியைக் கழுவி மொட்டை மாடி வெயிலில் முழுக்கக் காய வைத்தால் உறைகள் செத்துவிடும், அதற்கு நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இது ஒயிட் ஸ்பாட்டுக்கு மட்டும்தான். தண்ணீரின் உப்பை, ஒப்படர்த்தி 1.009 ஆகும் வரை குறைக்கும் முறையும் அப்படித்தான், வெல்வெட் அதைப் பொருட்படுத்தாது.

வெல்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன். அதை உண்டாக்கும் அமைலூடினியம் முதலில் செவுளைத்தான் தாக்குகிறது. உடலில் பொன்துகள் தூவியது போன்ற தூசி தெரியும் முன்பே மீன் இறந்துவிடலாம். அதனால் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மூச்சைக் கவனிக்க வேண்டும். நேற்று வரை சுற்றி வந்த மீன் இன்றைக்கு வெளிச்சத்துக்கு ஒதுங்குகிறது, பவர் ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்) தரும் ஓட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து நிற்கிறது, செவுள் வேகமாக அடிக்கிறது என்றால் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே காப்பர் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் 31 டிகிரியைத் தொடும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைவு, செவுள் பாதித்த மீன் சாவதற்கு அதுவே போதும். மின்தடை வந்தால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப்பை மருந்துப் பெட்டியில் ஒன்றாகத்தான் நான் சேர்க்கிறேன்.

செவுள் புழு, தோல் புழு வகைகளுக்குக் காப்பர் சரிப்படாது, பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து வேண்டும். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டைகளை அது கொல்லாது, அதனால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரண்டாவது டோஸ் கட்டாயம். காற்றோட்டத்தைக் கூட்டிவிட்டுத்தான் போட வேண்டும். சந்தேகம் இருந்தால், வெப்பமும் பி.எச். அளவும் சரிசெய்த நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போல இருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் புழுக்கள் வெளுத்து, எள் மாதிரி அடியில் விழும். நெமோ மீன்களில் சளி உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கும் காப்பர் வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல்தான். கடலில் பிடித்த நெமோக்களில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலேயே நெமோக்களைப் பொரித்து வளர்த்திருக்கிறார்கள், தொட்டியில் பிறந்த மீன் கிடைக்கும்போது கடல் மீனை வாங்குவதற்குக் காரணமே இல்லை.

புற ஊதா ஒளியால் கிருமிகளைக் கொல்லும் யு.வி. ஸ்டெரிலைசர் என் சம்ப்பில் ஓடுகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதன் வழியாகப் போகும் குஞ்சுகள் சாகவும் செய்யும். ஆனால் இரவில் உறை திறப்பது, மீன் தூங்கும் கல்லுக்குப் பக்கத்தில். அங்கிருந்து மீனுக்கு உள்ள தூரம் ஓரிரு அங்குலம்தான், யு.வி. குழாய் வரை அவை வர வேண்டிய அவசியமே இல்லை. எண்ணிக்கையைக் குறைக்க உதவும், நோயைத் தீர்க்காது. பல்பை வருடத்துக்கு ஒரு முறை மாற்றி, குவார்ட்ஸ் உறையில் படியும் உப்பைத் துடைக்காவிட்டால் அந்த உதவியும் இருக்காது.

பெரிய தொட்டியில் நோய் வந்தேவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, 76 நாள் மீனே இல்லாமல் ஓட விடுவதுதான் நான் கண்ட முழுமையான வழி. ஒரே ஒரு மீனை, அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று விட்டுவைத்தால் அத்தனை நாளும் வீண். எதிர்ப்புச் சக்தி பெற்ற மீன் புள்ளியே காட்டாமல் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கும். அப்புறம், நத்தை ஓடும் ஈரமான கல்லும்கூட உறைகளைக் கொண்டுவரும். மீன் இல்லாத தனி வாளியில் அவற்றுக்கும் அதே காத்திருப்புதான்.

அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலோ வேறெங்கோ மீன் வாங்கும்போது, கடைத் தொட்டியில் காப்பர் போட்டிருக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். பல வியாபாரிகள் நோயை அடக்கி வைக்கும் அளவுக்கு மட்டும் குறைவாகப் போட்டு வைப்பார்கள். அங்கே பளிச்சென்று இருக்கும் பவுடர் ப்ளூ டேங் மீன், காப்பர் இல்லாத நம் தண்ணீருக்கு வந்த ஒன்றிரண்டு வாரத்தில் புள்ளி காட்டத் தொடங்குவது அதனால்தான். கேட்டால் மறைக்காமல் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் கொஞ்சம் அதிக விலை கொடுத்தும் வாங்குகிறேன். ஆமாம் என்று பதில் வந்தால், புது மீன் இருக்கும் பையின் தண்ணீரையும் ஹன்னாவில் ஒரு முறை அளந்துவிட்டு, எந்த அளவிலிருந்து ஏற்ற ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்கிறேன்.